பதினான்காம் பக்கத்து வெள்ளைக் காளான்

மே 7, திங்கள்

மூன்றாம் அலமாரியைத் திறந்தால் மட்கிய வாடை. முதல் மழைக்கே இப்படி. போன வருஷம் உலர்த்தி வைத்த மாதிரிகள் நூற்றுக்கும் மேல் இருக்கும். பாதி உறைகளில் பச்சைப் புள்ளி. புன்லெர்ட் அண்ணன் எட்டிப் பார்த்து, "காளானுக்கே காளான் பிடிச்சிருக்கு தங்கச்சி, இதுக்கு என்ன பேர் வெப்ப?" என்றார். எங்கள் ஆய்வகத்தின் ஓட்டுநர் அவர். காட்டுக்குப் போனால் கூடை தூக்குபவரும், பாதி நேரம் காளானை எனக்கு முன்னால் பார்த்துவிடுபவரும் அவர்தான்.

எல்லாவற்றையும் புது உறைக்கு மாற்ற வேண்டும். ஒரு வார வேலை. அலுப்பில்லை. ஒவ்வொன்றையும் லென்ஸில் பார்த்து, எந்தக் குடும்பம், எந்தப் பேரினம், எந்த இனம் என்று உறுதி செய்து, அதனதன் இடத்தில் வைப்பது. கல்லூரி நாளிலிருந்தே என் மனசு படபடத்தால் அதை அடக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி இது.

மாலை அக்கா கூப்பிட்டாள். நெடுஞ்சாலை ஓரத்தில் காளான் கடை போட்டுவிட்டாளாம். "இன்னும் ரெண்டு மழை. ரங்கோக் காளான் வந்துரும். வந்து அள்ளிட்டுப் போ."

மே 8, செவ்வாய்

உறை 417. 'ரங்கோக், வெள்ளை வகை. உண்ணத் தக்கது.' என் கையெழுத்து. உள்ளே இரண்டு காளான்.

ஒன்றின் குடை விளிம்பில் சீப்புப் பல் போலக் கோடுகள். மற்றதில் இல்லை. வழவழவென்று இருக்கிறது.

ஒன்றின் காம்பு உள்ளே பொள்ளல். மற்றது கெட்டி.

விளிம்பில் கோடில்லாமல், காம்பு கெட்டியாக இருந்தால் அது ரங்கோக் இல்லை. கல் ரங்கோக். ஒரே பேரினம், ஒரே வெள்ளை, ஒரே மரத்தடி. ஒன்றைக் குழம்பு வைப்பதற்காக எங்கள் பக்கத்து ஜனம் வருஷம் பூராவும் காத்திருக்கும். மற்றது ஈரலைக் கரைத்து ஆளைக் கொல்லும்.

உறைக்குள் தவறுவது பெரிய விஷயமில்லை. திருத்தச் சீட்டு ஒட்டினால் தீர்ந்தது. ஆனால் 417இன் படம், நான் எழுதி ஊர் ஊராகக் கொடுத்த காளான் கையேட்டில் இருக்கிறது.

மே 9, புதன்

அயோடின் கரைசல் வைத்துப் பார்த்தேன். கோடு உள்ளதன் வித்துகளில் மாற்றமில்லை. கோடில்லாததன் வித்துகள் நீலச் சாம்பல் நிறமாகின. கல் ரங்கோக்தான். மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் நீலம்.

சரி. படத்தில் இருப்பது எது? நல்லதாகவும் இருக்கலாமே? பழைய கேமரா அட்டையைத் தேடி எடுத்தேன். குடை விரியாத முட்டைப் பருவத்தில் இரண்டாகப் பிளந்தது, பாதி விரிந்தது, அளவுகோல், 417 என்ற சீட்டு. பாதி விரிந்ததன் அடிக் கிண்ணத்தில் நத்தை கடித்த ஒரு பள்ளம். மேசையில் இருக்கும் கோடில்லாத காளானின் கிண்ணத்தில் அதே பள்ளம்.

போன வருஷம் ஜூன். கொட்டுகிற மழை. புன்லெர்ட் அண்ணன் யாங் மரத்தடியில் பறித்ததைக் கூடையோடு கொடுத்தார். பக்கத்துப் பக்கத்தில் முளைத்தவை, ஒன்றாகத்தானே இருக்கும் என்று ஒரே எண் போட்டேன். முதல் வருஷ மாணவிகூடச் செய்ய மாட்டாள்.

கையேட்டின் பதினைந்தாம் பக்கம்: கொல்பவை. பதினான்காம் பக்கம்: உண்ணத் தக்கவை. பதினான்கில் கல் ரங்கோக் இருக்கிறது. அடியில் நான் எழுதியது: 'இப்படத்தில் உள்ளதுபோல் இருந்தால் அச்சமின்றி உண்ணலாம்.'

அச்சமின்றி. எவ்வளவு திமிர் எனக்கு!

மே 10, வியாழன்

யாரிடமும் சொல்லவில்லை. நாலாயிரம் பிரதி. இருநூற்றுப் பன்னிரண்டு ஊர். ஊர் சுகாதாரத் தொண்டர்கள் வீடு வீடாகக் கொடுத்தார்கள். நானே மேடையேறி, "நம்பிப் பயன்படுத்துங்க" என்று சொன்னேன்.

மே 11, வெள்ளி

ஆசான் விச்சியனிடம் சொல்லிவிட்டேன். எங்கள் இயக்குநர். கெட்டவர் இல்லை. லென்ஸை வாங்கி வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி பார்த்தார்.

"தலைநகர் ஆய்வகத்துக்கு அனுப்பு. மரபணு பாத்துச் சொல்லட்டும்."

"ரெண்டு வாரம் ஆகும், ஆசான். அதுக்குள்ள காளான் வந்துரும்."

"அந்தப் புத்தகத்துக்கு முன்னுரை யாரு எழுதினது? ஆளுநர். நாம போய், அய்யா, உங்க பேர் போட்ட புத்தகத்துல விஷக் காளானத் தின்னச் சொல்லிட்டோம்னு சொல்லணும். அதச் சொல்றதுக்குக் கையில ஒரு தாள் வேணாமா, டிக்?"

அவர் குரலைத் தணித்தார். "நம்ம ஜனம் படத்தப் பாத்தா காளான் பறிக்குது? அவங்க அம்மா கையப் புடிச்சுக் கத்துக்கிட்டது."

நம்ப ஆசையாக இருந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் நம்பிப் பார்த்தேன்.

மே 12, சனி

அக்கா கடைக்குப் போனேன். தார்ப்பாய் கூரை, வாழை இலை மேல் குவியல் குவியலாகக் காளான்; அதற்குள் வந்துவிட்டது. கூரைக் கம்பில் பிளாஸ்டிக் உறை போட்டு என் கையேடு தொங்கியது. பதினான்காம் பக்கம் திறந்தபடி.

வந்து நின்ற ஒரு பெண்ணிடம் அக்கா அதைத் தட்டிக் காட்டினாள். "என் தங்கச்சி எழுதினது. பயப்படாம வாங்கு."

அந்தப் பெண் போனதும் அக்காவின் குவியலைக் கிளறினேன். ஒன்று விடாமல் விளிம்பைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் கோடு. நல்லவை. அக்கா பார்த்துவிட்டாள்.

"என்ன ஆச்சு உனக்கு? என் சரக்கையே சோதிக்கிற?"

சொன்னேன். படத்தைக் காட்டினேன். அவள் கையேட்டை இறக்கி, கண்ணருகில் வைத்துப் பார்த்தாள்.

"அட பாவி. ஆமா. இது கல்லு. என் கடையிலயே தொங்குது, நான் ஒரு தடவகூட உத்துப் பாக்கல."

"நீ எப்படிப் பிரிக்கிற?"

"முட்டையா இருக்கறதத் தொடவே மாட்டேன். விரிஞ்சதத்தான் எடுப்பேன். கையில வெச்சா தெரியும். என் கைக்குத் தெரியும். வாங்கறவ கைக்கு எப்படித் தெரியும்? அவ இதப் பாத்துட்டுப் போயி, நாளைக்குக் காட்டுல அவளே பறிப்பா."

நான் அழ ஆரம்பித்தேன். அவள் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. "எத்தன புத்தகம் குடுத்த?"

"நாலாயிரம்."

"அப்புறம் இங்க ஒக்காந்து ஏன் அழுதுக்கிட்டிருக்க? போ."

பதினான்காம் பக்கத்தைக் கிழித்துச் சுருட்டி, கரி அடுப்பில் போட்டாள்.

மே 14, திங்கள்

கையேட்டைத் திரும்பப் பெறும் கடிதம் எழுதிக் கொண்டுபோனேன். ஆசான் கையெழுத்துப் போடவில்லை. "பதில் வரட்டும்."

என் சொந்த போனிலிருந்து அழைக்கத் தொடங்கினேன். தொண்டர்களின் பட்டியல் என்னிடம்தான் இருக்கிறது.

புன்லெர்ட் அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. வண்டிக் கொட்டகையில் என்னை நிறுத்தினார். "ஒண்ணா கூடையில போட்டது நான்தானே?"

"ஒரே நம்பர் போட்டது நான், அண்ணே."

குனிந்து டயரை அமுக்கிப் பார்த்தார். "போன் எடுக்காத ஊருக்கு நான் போறேன். என் மோட்டார் சைக்கிள்ல. ஆபீஸ் வண்டி வேணாம்."

மே 15, செவ்வாய்

முதல் வேலையாக மாவட்ட மருத்துவமனையில் டாக்டர் நாரிசராவிடம் பேசினேன். சின்ன வயசு. இடையில் குறுக்கிடாமல் கேட்டாள். முதல் நாள் வாந்தி, பேதி; இரண்டாம் நாள் ஆள் தேறினது போல இருக்கும்; அங்கேதான் ஏமாறுவார்கள், வீட்டுக்கு அனுப்பினால் மூன்றாம் நாள் ஈரல் போய்விடும் என்றேன். "எழுதி வெச்சுக்கிட்டேன், அக்கா. டூட்டி பாக்கற எல்லாருக்கும் சொல்றேன்" என்றாள்.

இன்று 44 ஊர்.

மே 16, புதன்

61 ஊர். தொண்டை கட்டிவிட்டது.

ஒருவர்: "அந்தப் புத்தகமா? சட்டிக்கு அடியில வெச்சிருக்கோம், டீச்சர்." இன்னொருவர்: "பக்கத்தக் கிழிக்கணுமா? ஆளுநர் படம் போட்ட புத்தகம், கிழிச்சா தப்பாயிடாதா?" ஒரு கிழவர் பொரிந்து தள்ளினார்: "போன வருஷம் தின்னுங்கன்னீங்க, இந்த வருஷம் துப்புங்கறீங்க. அடுத்த வருஷம் என்ன?"

அடுத்த எண்ணை அழுத்தினேன்.

மே 17, வியாழன்

அடைமழை. யாங் மரத்தடி மண் இப்போது பொருமிக்கொண்டிருக்கும். மழைச் சத்தம் கேட்டால் முன்பெல்லாம் சந்தோஷமாக இருக்கும்.

மே 18, வெள்ளி

ஆசான் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். ஏதோ ஓர் ஊர்த் தலைவர் மேலிடத்துக்கே போன் செய்துவிட்டாராம்.

"எனக்குத் தெரியாம ஊர் பூரா சொல்லிட்டிருக்க."

"உங்களுக்குத் தெரியும், ஆசான்."

"தெரியும்கறது வேற. அனுமதிங்கறது வேற. நிறுத்து. இது உத்தரவு. உன் வேலை போனா நான் ஒண்ணும் செய்ய முடியாது."

பதினாறு வருஷ வேலை. வேறு என்ன தெரியும் எனக்கு?

மே 19, சனி

இன்று யாரையும் அழைக்கவில்லை. புன்லெர்ட் அண்ணனையும் போகவேண்டாம் என்றேன். துணி துவைத்தேன். மழை விட்டு வெயில். 31 ஊர் மீதி.

பெரும்பாலும் சொல்லியாகிவிட்டது. பெரும்பாலும் போதும்தானே? போதுமா?

மே 20, ஞாயிறு

மத்தியானம் டாக்டர் நாரிசரா. "அக்கா, ரெண்டு பேர் வந்திருக்காங்க. புருஷன் பொண்டாட்டி. நேத்து சாயங்காலம் காளான் குழம்பு. மிச்சம் கொஞ்சம் சட்டியில கொண்டுவந்திருக்காங்க. வந்து பாக்க முடியுமா?"

"எந்த ஊர்?"

நொங் தாவ். முப்பத்தொன்றில் ஒன்று.

மைக்ராஸ்கோப்பை மடியில் வைத்துக்கொண்டு, புன்லெர்ட் அண்ணன் பின்னால் உட்கார்ந்து போனேன். மருந்தறை மேசையில் சட்டி. குழம்பில் ருசிக்குச் சேர்த்த எறும்பு முட்டையும் இலையும் குழைந்து கிடந்தன. காளான் துண்டு துண்டாக. குடை இல்லை, காம்பு இல்லை, கிண்ணம் இல்லை, பார்த்துப் பிரிக்க ஒன்றுமே இல்லை. வித்து மட்டும்தான். ஒரு துணுக்கை எடுத்துக் கண்ணாடியில் நசுக்கி அயோடின் விட்டேன். நீலமாகாதே என்று வேண்டிக்கொண்டேன். என் வாழ்க்கையில் ஒரு காளானிடம் நான் எதுவும் கேட்டதில்லை.

நீலம்.

"அதேதான்" என்றேன். டாக்டர் உடனே போனை எடுத்தாள்.

மே 21, திங்கள்

அவள் பெயர் தொங்சாய். அவன் கம்சிங். நாற்பதுக்குள் இருவரும். இன்று வாந்தி நின்றுவிட்டது. கம்சிங் எழுந்து உட்கார்ந்து, "வீட்டுக்குப் போறேன், நாத்து கிடக்கு" என்று சண்டை. டாக்டர் விடவில்லை. சொட்டு மருந்தை ஏற்றி, ஆம்புலன்ஸில் நகரத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப ஏற்பாடு செய்தாள். "நீங்க போன வாரம் சொல்லலேன்னா காலையிலேயே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்" என்றாள் என்னிடம். ஆறுதலுக்குச் சொன்னாள்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று கட்டிலருகில் போனேன். இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துக் கும்பிட்டேன்.

"புத்தகத்தப் பாத்தீங்களா?"

தொங்சாய் ஆமென்று தலையசைத்தாள். "எங்க மாமியார் இருந்தவரைக்கும் அவங்கதான் பறிப்பாங்க. எனக்கு அவ்வளவா தெரியாது. அதான் படத்த வெச்சு வெச்சுப் பாத்தேன். அச்சா அதே மாதிரி இருந்துச்சு."

"படம் தப்பு. அந்தப் படத்தப் போட்டது நான்தான். ரெண்டு காளான ஒண்ணுன்னு நெனச்சுட்டேன்."

கம்சிங் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். தொங்சாய் என் முகத்தையே பார்த்தாள். திட்டுவாள், துப்புவாள் என்று நினைத்தேன்.

"எங்க ஊருக்கு ஏன் யாரும் வந்து சொல்லல?"

"போன் போகல. சனிக்கிழம வந்திருக்கணும். வரல."

"ஏன்?"

"பயந்துட்டேன்."

கண்ணை மூடினாள். போய்விடலாமா என்று யோசிக்கும்போது திறந்தாள். "என் தங்கச்சி வீட்டுக்கு ஒரு புத்தகம் குடுத்தேன். ஊர்க் கோடியில, நீலக் கதவு. அவளும் சனிக்கிழம காட்டுக்கு வந்தா. இங்க நின்னுக்கிட்டு இருக்காதீங்க. மொதல்ல அங்க போங்க."

ஓடிப்போய்ப் புன்லெர்ட் அண்ணன் பின்னால் ஏறினேன். நீலக் கதவு வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. காளான் முறத்தில்தான் இருந்தது, சட்டிக்குப் போகவில்லை. பதினெட்டு காளான். நாலு, கல்.

மே 22, செவ்வாய்

எவரையும் கேட்கவில்லை. நானும் புன்லெர்ட் அண்ணனும் இரண்டு நாளில் மீதி முப்பது ஊரையும் நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று கிளம்பினோம். அக்காவும் கடையை மூடிவிட்டு வந்தாள். நான் விளிம்பு, வித்து என்று விளக்கினால் ஜனம் கொட்டாவி விடுகிறது. அக்கா ஒரே போடாகப் போடுகிறாள்: "முட்டையா இருக்கா, தொடாத. விரிஞ்சிருந்து விளிம்புல சீப்பு இல்லையா, தொடாத. சந்தேகமா, தொடாத. ஒரு வேள காளான் இல்லாட்டி செத்துர மாட்ட." சிரிக்கிறார்கள். ஆனால் பக்கத்தைக் கிழித்துக் கொடுக்கிறார்கள்.

மே 24, வியாழன்

கம்சிங்குக்குக் கண் மஞ்சள். ஈரல் எண்கள் ஆயிரக்கணக்கில். தொங்சாய்க்குக் கொஞ்சம் பரவாயில்லை. அவள் குழம்பை மட்டும் தொட்டுக்கொண்டு, காளானைப் புருஷனுக்கு வைத்துவிட்டாளாம்.

மே 25, வெள்ளி

தலைநகர் ஆய்வகத்திலிருந்து பதில்: இரண்டு வெவ்வேறு இனங்கள். எங்களுக்குத் தெரிந்ததே.

ஆசான் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். 'ஆய்வாளர் தாரிகா செய்த பிழையால்' என்று என் முழுப் பெயரைப் போட்டு ஒரு வரி சேர்த்திருக்கிறார். அது உண்மைதான். இரண்டு வாரம் காத்திருந்தது எங்கும் இல்லை. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். என் வரியை அடிக்கவும் இல்லை, அவர் வரியைச் சேர்க்கவும் இல்லை. கடிதம் இன்றே போக வேண்டும்.

மே 27, ஞாயிறு

கம்சிங் ஆளை அடையாளம் தெரியாமல் பேசுகிறானாம். மூன்று முறை போன் செய்தேன். நான்காம் முறை செவிலி, "புதுசா எதுவும் இல்லக்கா, இருந்தா நானே கூப்பிடறேன்" என்றாள்.

மே 29, செவ்வாய்

விசாக பூர்ணிமை. ஊரே விகாரையில். நான் மருத்துவமனை வராந்தாவில். தொங்சாய் சக்கர நாற்காலியில் வந்து, எனக்கு நாலு நாற்காலி தள்ளி நிறுத்தச் சொன்னாள். ஒரு மணி நேரம். இருவரும் பேசவில்லை. ஆனால் வேறு பக்கம் தள்ளிப்போகச் சொல்லவும் இல்லை.

மே 31, வியாழன்

எண்கள் இறங்குகின்றன! காலையில் தண்ணி கேட்டானாம். மாலை, நாற்று என்ன ஆச்சு என்று கேட்டானாம்.

குளியலறைக்குள் போய் அழுதேன்.

ஜூன் 13, புதன்

விசாரணை முடிந்தது. வேலை போகவில்லை. இனி என் பெயரில் எதுவும் அச்சாகக் கூடாது. மாதிரி அறையோடு சரி. இரண்டு வருஷத்துக்குப் பதவி உயர்வு இல்லை. புது ஒற்றைத் தாள் அச்சாகிறது: இரண்டு காளானும் பக்கத்துப் பக்கத்தில், விளிம்பு பெரிதாக. ஆசான் தாளை என் மேசையில் வைத்து, "நீயே ஒரு தடவ பாத்துரு" என்றார். பார்த்தேன். ஐந்து தடவை. தந்த பின்னும் ஓடிப்போய் வாங்கி ஆறாவது தடவை.

ஜூன் 16, சனி

கம்சிங் வீடு திரும்பிவிட்டான். இந்த வருஷம் ஏர் பிடிக்கக் கூடாது என்று டாக்டர் உத்தரவாம். அவர்கள் நிலத்தில் நாற்று நட நானும் அக்காவும் புன்லெர்ட் அண்ணனும் போனோம். கம்சிங் வரப்பில் உட்கார்ந்து, என்னிடம் மட்டும் எதுவும் சொல்லவில்லை. நான் நட்ட வரிசை கோணலாக இருந்தது. அவன் எழுந்து வந்து சுட்டிக்காட்டிவிட்டுப் போய் மறுபடி உட்கார்ந்தான்.

ஜூலை 9, திங்கள்

காலை பத்து மணிக்கு மாதிரி அறைக் கதவில் ஒரு தட்டு. தொங்சாய். இளைத்திருந்தாள். கையில் மூங்கில் கூடை, மேலே ஈரத்துணி.

"அவர் முகம் குடுத்தே பேசறதில்ல காளான்னா. ஆனா எனக்கு விக்கணும். இந்த வருஷம் வேற வருமானம் இல்ல" என்றாள். "உங்க அக்காகிட்டப் போலாம்னு பாத்தேன். அப்புறம் இங்கயே வந்துட்டேன்."

தரையில் செய்தித்தாள் விரித்தோம். எதிரெதிரே உட்கார்ந்தோம். அவள் ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினாள், நான் பார்த்துச் சொன்னேன். இது ரங்கோக். இது ரங்கோக். இது முட்டை, வேண்டாம். விளிம்பைத் திருப்பி அவளே பார்க்கட்டும் என்று கொடுத்தேன்; நாலைந்துக்குப் பிறகு என் பதிலுக்கு முன்னால் அவளே பிரிக்க ஆரம்பித்தாள். பாதிக் கூடையில் சாம்பல் நிறத்தில் ஒன்று வந்தது. சின்னது. விளிம்பில் கோடு இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும். ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன். காம்பை நறுக்கினேன். புத்தகத்தைப் புரட்டினேன். அவள் காத்திருந்தாள்.

"இது என்னன்னு எனக்குத் தெரியல" என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அதை என் கையிலிருந்து வாங்கி, குவியல்கள் இரண்டிலும் சேர்க்காமல் தாளின் ஓரத்தில் தனியாக வைத்தாள்.

"சரி" என்று கூடைக்குள் கை விட்டாள். "இதப் பாருங்க."